ஒரு கலத்துக்குள் உப்பை அளத்தல்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



புத்தளத்துக் கரையில் பிறந்த நமக்கு உப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. களப்பு நீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் காயவிட்டு உப்பெடுப்பதைப் பார்த்தே வளர்ந்தோம். அந்த உப்பின் நிறையில் பாதிக்கு மேல் குளோரைட். அது நம் உடலிலும் உண்டு. மருத்துவர்களாகிய நாங்கள் அதை இரத்தப் பரிசோதனையில் அளக்கிறோம். ஆனால் அது இரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ள அளவு மட்டுமே. ஒரு கலத்தின் உள்ளே எவ்வளவு என்று அறியக் கலத்தை உடைத்தால், கலம் இறந்துவிடும். இலட்சக்கணக்கான கலங்களைச் சேர்த்து அளந்தால், சராசரிதான் கிடைக்கும்.

உயிருள்ள கலத்தைக் குலைக்காமல் உள்ளே அளக்க வழி கண்டவர்களுள் ஒருவர் யமுனா கிருஷ்ணன். கேரளத்தில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் இரசாயனம் படித்தவர். 2009 இல் பெங்களூரில் அவருடைய குழு, டீ.என்.ஏ. இழைகளால் ஓர் உணரியைச் செய்தது. அமிலம் கூடினால் இழை மடங்கும். அதில் பொருத்திய இரு சாயங்கள் நெருங்கி, வெளிவரும் ஒளி மாறும். நாம் பள்ளியில் தோய்த்துப் பார்த்த பாசிச்சாயத் தாளின் வேலையை அது கலத்துக்குள் செய்கிறது.

அடுத்து குளோரைட்டுக்கும் ஓர் உணரி செய்தார்கள். கலம் அதைத் தானே உள்வாங்கிக்கொள்ளும். குளோரைட் கூடக்கூட ஒரு சாயம் மங்கும், மற்றது மாறாது. நுணுக்குக்காட்டியில் இரண்டையும் ஒப்பிட்டால் அளவு தெரியும். கலத்தின் கழிவைச் செரிக்கும் சிறுபையான இலைசோசோமில் குளோரைட் மிக அதிகம். கோச்சர், நீமன்-பிக் முதலிய பரம்பரை நோய்களின் மாதிரிக் கலங்களில் அது குறைந்திருப்பதை 2017 இல் காட்டினார்கள். இந்நோய்களில் கழிவு தேங்கிப் பிள்ளைகளின் ஈரலும் மண்ணீரலும் வீங்கும். காரணம் தெரியாமல் பெற்றோர் வைத்தியசாலைகளுக்கு அலைவார்கள். இந்த உணரி இன்னும் ஆய்வுகூடத்துக்குரியதே. என்றாலும், பழுது எங்கே என்று ஒரு கலத்தில் காண முடிந்தால், மருந்து வேலை செய்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

சகோதரிகளே, விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டும், வெளியூர் அனுப்ப வீட்டில் மனம் வராததால் வேறு பிரிவுக்குப் போனவர்கள் நம்முடன் படித்தவர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று இங்கே படிக்கிறார்கள். ஆகவே நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டுவதற்கு முன், ஆய்வுகூடத்தில் இரு மாணவியருக்கு ஒன்றாவது நுணுக்குக்காட்டி வாங்கி வைப்போம். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க நம் பிள்ளைகள் ஊரை விட்டுப் போக வேண்டியிராத நாளுக்கு அது முதற்படியாகட்டும்.