பேசும் போர்வை

ஆடை உடலை மறைப்பது, குளிரைத் தடுப்பது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அலாஸ்காவின் தென்கிழக்குக் கடற்கரையில் வாழும் திலிங்கித் மக்களோ, கம்பளிப் போர்வையைக் கதை சொல்லவும் பழக்கியிருக்கின்றனர். சில்காட் ஆற்றங்கரையில் வாழ்வோரின் பெயரால் அது சில்காட் போர்வை எனப்படுகிறது.

மலையாட்டின் மயிரை மஞ்சள் செடார் மரத்தின் உட்பட்டையோடு சேர்த்து, தொடையின்மேல் உருட்டி முறுக்குவர். அதுவே பாவு நூல். இன்று பலர் செம்மறியாட்டுக் கம்பளியையே கொள்கின்றனர். பாவு, மேற்கட்டையிலிருந்து கட்டின்றித் தொங்கும். நாடா இல்லை, அச்சு இல்லை, விரல்களே எல்லாம். ஊடை நூல்களை ஒன்றோடொன்று முறுக்கிச் செலுத்துவதால் வட்டமும் வளைவும் பிசிறின்றி எழுகின்றன. அதன் அருமையை நம் ஊர் நெசவாளரைக் கேட்டால் சொல்வார்! ஒரு போர்வை முடிய ஏறத்தாழ ஓர் ஆண்டாகும்.

முற்காலத்தில் ஆடவர் பலகையில் உருவம் தீட்ட, பெண்டிர் அதனைப் பார்த்து நெய்தனர். காக்கை, கழுகு, திமிங்கிலம் ஆகியவை வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல; குலங்களின் வரலாற்றுச் சின்னங்கள். ஒரு குலத்தின் கதையை வேறு குலத்தார் உரிமையின்றி எடுத்தாளலாகாது. கூத்தில் ஆடுவோர் தோளில் தொங்கும்போது குஞ்சங்கள் அசைய, உருவங்களும் உயிர்பெறும். காட்சிசாலைச் சுவரில் அது பாதி ஊமைதான்.

1980களில் இக்கலையை அறிந்தோர் மிகச் சிலரே. தொண்ணூறு வயதைக் கடந்த ஜென்னி துலுனாட் என்னும் மூதாட்டி, 1985இல் இளையோரை அருகில் அமர்த்திக் கற்பித்தார்; அடுத்த ஆண்டே மறைந்தார். அவரிடம் பயின்ற கிளாரிசா ரிசால் 2014இல் நெய்த போர்வை, மாறிவரும் உலகில் தம் மக்கள் தாக்குப்பிடித்து நின்றதைக் கூறுவது.

பழைய நெசவில் புதுக்கதை புகலாமா எனச் சிலர் ஐயுறலாம். எனக்கு அவ்வையம் இல்லை. இக்கலையையே தெற்கே வாழும் சிம்ஷியன் மக்களிடமிருந்து கற்றதாகத் திலிங்கித் மக்கள் கூறிக்கொள்கின்றனர் அன்றோ? 2016இல் நெசவாளர் பலர் தனித்தனியே நெய்த சிறு சதுரங்களை இணைத்து ஒரே போர்வையாக்கினர். அம்முயற்சியை முன்னின்று நடத்திய கிளாரிசா அவ்வாண்டிறுதியில் காலமானார். பெருந்தொற்று பரவிய 2020இல் அவர் மகள் லிலி ஹோப், அதே முறுக்கு நெசவில் ஒரு முகக்கவசம் நெய்தார். அது நோயைத் தடுக்கும் என்பதற்கில்லை; அவ்வாண்டு எங்ஙனம் கழிந்ததென்பதைப் பின்வருவோர் அதில் படித்துக்கொள்ளலாம்.