பேனாவைக் கையில் எடுத்த 'சினிமா ராணி'

(மலாக்காவில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



'துணிச்சலான நடிகை' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்தீர்கள். பரவாயில்லை. நடிகையின் துணிச்சல் என்றால் உடையைப் பற்றியும் ஆட்டத்தைப் பற்றியும்தான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். இன்று நான் பேச வந்தது வேறொரு துணிச்சல். யாரோ எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேச வந்த ஒரு பெண், 'இனி நானே எழுதுகிறேன்' என்று பேனாவை எடுத்த துணிச்சல்.

முதலில் அமெரிக்காவுக்குப் போய் வருவோம். மே வெஸ்ட் என்று ஒரு நடிகை. 1893ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். சிறு வயதிலேயே மேடை ஏறியவர். பிறர் தந்த வேடங்களோடு நின்றுவிடாமல் தானே நாடகம் எழுதத் தொடங்கினார். 1926இல் அவர் எழுதி நடித்த ஒரு நாடகத்தின் தலைப்பே பலரை முகம் சுளிக்க வைத்தது. மறு ஆண்டு காவல்துறை அவரைக் கைது செய்தது. நீதிமன்றம் 10 நாள் சிறைத் தண்டனை விதித்தது. நன்னடத்தைக்காக 2 நாள் குறைத்து வெளியே விட்டார்கள். வந்தவர் சும்மா இருந்தாரா? 1928இல் 'டயமண்ட் லில்' என்ற நாடகத்தை மேடையேற்றினார். அந்த நாடகமே 1933இல் ஹாலிவுட் படமாகி அவரைப் பெரும் நட்சத்திரமாக்கியது. அப்போது அவருக்கு வயது 39. நம் திரையுலகம் கதாநாயகியை அம்மா வேடத்துக்கு அனுப்பிவிடும் வயது!

'அவள் வெள்ளைக்காரி, அவளால் முடியும்' என்று சொல்லிவிடாதீர்கள். அதே காலத்தில் தமிழிலும் ஒருவர் இருந்தார். அவர்தான் டி. பி. ராஜலட்சுமி.

1911இல் திருவையாற்றில், ஆசாரமான குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே திருமணம் செய்து வைத்தார்கள். அந்த வாழ்வு நிலைக்கவில்லை. தந்தையும் மறைந்துவிட்டார். பிழைக்க வழி தேடிய அந்தச் சிறுமி நாடகக் குழுவில் சேர்ந்தாள். பெண் வேடத்தையும் பெரும்பாலும் ஆண்களே கட்டிய காலம் அது. நாடகக்காரி என்றால் ஊர் நாலும் பேசிய காலம்.

1931 அக்டோபர் 31ஆம் நாள் 'காளிதாஸ்' திரைக்கு வந்தது. தமிழ் பேசிய முதல் படம். கதாநாயகி நம் ராஜலட்சுமி. வேடிக்கை என்னவென்றால், கதாநாயகன் தெலுங்கில் பேசுவார், கதாநாயகி தமிழில் பதில் சொல்வார். ஆகவே தமிழ்த் திரையில் முதலில் ஒலித்த தமிழ், பெரும்பாலும் ஒரு பெண்ணின் தமிழ். படத்தின் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் இராட்டையைப் பற்றியும் தேச ஒற்றுமையைப் பற்றியும் பாடினார். வெள்ளைக்காரன் ஆட்சியில் அதற்கும் துணிச்சல் வேண்டும்தானே?

'சினிமா ராணி' என்று பட்டம் கிடைத்தது. அதோடு நின்றிருந்தால் அவர் நல்ல நடிகை மட்டுமே. அவர் 'கமலவல்லி' என்று ஒரு நாவல் எழுதினார். அதையே 1936இல் 'மிஸ் கமலா' என்ற படமாக்கினார். கதை அவருடையது, தயாரிப்பும் இயக்கமும் அவருடையவை, கதாநாயகியும் அவரே. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அன்று அவருக்கு வயது ஏறக்குறைய 25. பெற்ற மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

1939இல் 'மதுரை வீரன்' படத்தையும் அவர் இயக்கினார். மதுரை வீரன் என்றதும் 1956இல் வந்த எம்.ஜி.ஆர் படம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் சிறு கோயில் கட்டி நாம் கும்பிடும் அந்தச் சாமியின் கதையை, 17 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் படமாக்கினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. 'காளிதாஸ்' படச்சுருள் இன்று இல்லை. 'மிஸ் கமலா'வும் இல்லை. 1964இல் அவர் மறைந்தார். போட்டுப் பார்க்கப் படம் இல்லாததால் பெயரும் மங்கிவிட்டது. மே வெஸ்ட்டின் படங்களை இன்றும் பார்க்க முடிகிறது. உழைப்பு இருவருக்கும் ஒன்றுதான். ஒருவர் உழைப்பைக் காப்பாற்றி வைத்தார்கள், இன்னொருவர் உழைப்பைக் கைநழுவ விட்டார்கள்.

இங்கேதான் மலாக்காவின் கதை வருகிறது. ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். திருவிழா நாடகத்தில் வள்ளி வேடம் கட்டியது யார் என்றால், பெரும்பாலும் ஓர் ஆணின் பெயரைத்தான் சொல்வார்கள். பெண் எங்கே போனாள்? விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, பால்மரம் சீவப் போனாள். மேடை அவளுக்கு இல்லை. ஆனால் அவளுக்குள் படைப்பு இருந்தது. தாலாட்டில் புதுச் சொல் சேர்த்தாள். ஒப்பாரியில் ஒரு குடும்பத்தின் வரலாற்றையே சொன்னாள். எழுதி வைக்க ஆள் இல்லை.

அந்தத் தோட்டங்கள் பல இன்று துண்டாகிவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் போய்த் தாமான்கள் வந்தன. பாடிய பாட்டிமார்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். படச்சுருள் அழிவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்று நம் பெண் பிள்ளைகளுக்கு மேடை உண்டு. பள்ளி விழா, கோயில் விழா, எங்கும் அவர்கள் ஆடுகிறார்கள், கைதட்டுகிறோம். நல்லது. ஆனால் அந்த மேடைக்கு நாடகம் எழுதச் சொல்லி எத்தனை பெண்களிடம் கேட்டிருக்கிறோம்? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரிவது என் முகம். நான் பேசும் வரிகளில் பல வேறொருவர் எழுதியவை. முகத்துக்குக் கிடைக்கும் புகழுக்கும், எழுதுகிற கைக்கு இருக்கும் அதிகாரத்துக்கும் உள்ள இடைவெளி எனக்குத் தெரியும்.

அதனால் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, உங்கள் வீட்டுப் பாட்டியை அடுத்த வாரமே உட்கார வைத்து, அவர் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்தே எழுதி வையுங்கள். இரண்டு, அடுத்த திருவிழாவுக்கு ஒரு சின்ன நாடகம் எழுதச் சொல்லி, நம் மாணவி ஒருத்தியிடம் வெள்ளைத் தாளைக் கொடுங்கள். நிகழ்ச்சி நிரலில் 'எழுதியவர்' என்று அவள் பெயரைப் போடுங்கள்.

ராஜலட்சுமியின் படம் நமக்குக் கிடைக்காமல் போகலாம். அவர் திறந்த கதவு திறந்தேதான் இருக்கிறது. நம் பெண்களை அதன் வழியே அனுப்பி வைப்போம்.