கண்டவர் சொல்



கவிதை வட்டத்தில் மருத்துவனுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆகவே ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'கால் கை வலிப்பு' என்பது நாவில் தேய்ந்து 'காக்காய் வலிப்பு' ஆயிற்று என்பர். காக்கைக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பறவை பழி சுமந்தது. நோயாளி கேலி சுமந்தார்.

இது தெய்வச் சீற்றமன்று, மூளையில் எழும் நோய் என்று ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நூலொன்று ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்பே கூறிவிட்டது. மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்புகளால் பேசிக்கொள்பவை. அவற்றுள் ஒரு கூட்டம் ஒருசேரக் கட்டுமீறித் துடிக்கும்போது வலிப்பு வருகிறது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட மூளை மின்னலைப் பதிவு அத்துடிப்பைத் தாளில் காட்டிற்று. ஆயினும் வலிப்பில்லாத வேளையில் எடுக்கும் பதிவு பலருக்குக் குறையேதும் காட்டாது. எனவே நோயைக் கண்டறிவதில் இன்றும் தலையாயது, அருகிலிருந்து கண்டவர் சொல்லே.

நினைவிழந்தவருக்குத் தமக்கு நேர்ந்தது தெரியாது. மருத்துவர் அங்கு இல்லை. கண்டவரோ, "பேய் பிடித்தாற்போல் துடித்தான் ஐயா" என்கிறார். கவிஞர்கள் பொறுத்தருள்க, அவ்விடத்தில் உவமை எனக்குப் பயன்படுவதில்லை. முதலில் இழுத்தது எந்தக் கை? தலை எப்பக்கம் திரும்பிற்று? கண் திறந்திருந்ததா? நாக்கைக் கடித்துக்கொண்டாரா? தெளிந்ததும் ஆளை அடையாளம் கண்டாரா? இழுப்பே இல்லாமல் சில நொடிகள் வெறித்துப் பார்த்து மீளும் குழந்தையும் உண்டு. பள்ளியில் அதற்குக் 'கவனமில்லாத பிள்ளை' என்று பெயர். தாமே இந்நோய்க்கு ஆளான தஸ்தயேவ்ஸ்கி, வலிப்புக்கு முந்தைய கணத்தை 'அசடன்' நாவலில் எழுதியிருக்கிறார். நரம்பியலார் அதை இன்றும் எடுத்துப் பேசுகின்றனர்.

இரும்பு கொடுக்கும் வழக்கம் நீங்கள் அறிந்ததே. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கும். நற்பெயரைச் சாவிக்கொத்து தட்டிச் செல்கிறது! ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கடந்தால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

முறையாக மருந்துண்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும். இந்துத் திருமணச் சட்டத்தில் மணத்திற்குத் தடையாக எழுதப்பட்டிருந்த இந்நோயின் பெயரும் 1999-இல் நீக்கப்பட்டது. வீடுகளில் நீங்கவில்லை. மறைத்து மணம் முடித்து, புகுந்த வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று மாத்திரையை நிறுத்திவிட்டு, சில வாரங்களில் வலிப்புடன் வரும் இளம்பெண்கள் உண்டு. கணவர் கண்டதையெல்லாம் தெளிவாகச் சொல்வார். மாத்திரை என்று நின்றது என்பதை மட்டும் அப்பெண்ணைத் தனியே அழைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.