அலைக்கரையில் விலாங்கு இரை

ஜொகூர் பாருவில் தூண்டில் போடுபவர்களுக்கு நீரிணையின் அமைதியான தண்ணீர் அலுத்துப்போனால், வண்டி கிளம்புவது தெசாருவுக்குத்தான். அங்கே தென்சீனக் கடல். கரையில் நின்றே அலைக்கு அப்பால் வீச வேண்டும். அந்த வேகத்தில் இறால் பிய்ந்து போய்விடும். விலாங்குத் துண்டு போகாது. தோல் அவ்வளவு உறுதி.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்கு, இரவில், உயிருள்ள விலாங்கையே மாட்டுகிறார்கள். லேசில் கையில் நிற்காது. வழுக்கும், நெளியும், நூலைச் சுற்றி முடிச்சாக்கிவிடும். அதனால் பனிக்கட்டிமேல் வைத்து மந்தமாக்கி, துணியால் பிடித்துக் கொக்கி ஏற்றுவார்கள். 2021 முதல் அங்கே அந்த மீனுக்கு இயற்கை இரை வைத்தால் வட்டக் கொக்கி கட்டாயம். அது தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும். திருப்பி விடும் மீன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நம் கரையிலும் இது பழக்கமாக வேண்டும்.

நம் வயல் சேற்றில் கிடைக்கும் பெலுட், விலாங்கு போலத் தெரிந்தாலும் வேறு இனம். காற்றைச் சுவாசிப்பதால் ஈரச் சாக்கிலேயே வெகுநேரம் உயிரோடிருக்கும். துண்டு இரைக்கு அது போதும்.

நவம்பர் முதல் மார்ச் வரை பருவக்காற்று அலை பெரிது. அப்போது தண்ணீரில் இறங்கி நின்று வீசாதீர்கள்.