இடது காலுக்கு வேலையில்லாத கார்

நான் பத்தாவது வரை படித்தவள். ‘உள்கடன் வாங்கியா கார் வாங்கினே?’ன்னு பல பேர் கேட்டீங்க. அதைத்தான் சொல்லப் போறேன்.

என் மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் மதுரை பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். வாடகைக் கார் போக வர 1,200 ரூபாய். மாசம் பத்தாயிரம் அதிலேயே போயிடும். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. நானே ஓட்டலாம்னு லைசென்ஸ் எடுத்தேன். கொழுந்தனாரோட காரில் முதல் தடவை போனப்ப, கோரிப்பாளையம் சிக்னலில் கிளச்சைச் சரியா விடத் தெரியாம வண்டி மூணு தடவை நின்னுடுச்சு. பின்னாடி ஒரே ஹாரன். அத்தை பயந்து போயிட்டாங்க. அன்னைக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்தவள், ரெண்டு மாசம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

அப்புறம்தான் ஆட்டோமேட்டிக் பற்றி விசாரித்தேன். அதில் கிளச் மிதி கிடையாது. இரண்டு வகை பார்த்தேன். சி.வி.டி. வண்டி வழுக்கிக்கொண்டு போகும், விலை அதிகம். ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்தான். கிளச்சையும் கியரையும் நமக்குப் பதிலா ஒரு கருவி மாற்றும். அதனால் விலை குறைவு. கியர் மாறும்போது லேசாக ஒரு குலுக்கல் இருக்கும், அவ்வளவுதான். 2014-இல் வந்த மாருதி செலிரியோவில் இருந்தே இந்த வகை நம்ம ஊரில் கிடைக்குது. பழைய செலிரியோ ஒன்றை 3,20,000 ரூபாய்க்கு வாங்கினேன். குழுவில் உள்கடன் 50,000, மீதி சேமிப்பும் நகைக்கடனும்.

பழைய வண்டி வாங்குற தங்கச்சிகளே, ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், கடன் பாக்கி இல்லைங்கிற சான்று, சர்வீஸ் பில் எல்லாம் பாருங்க. நெரிசலில் ஊர்ந்து ஓட்டிப் பாருங்க, மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்க. மேட்டில் பின்னாடி உருளலாம். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து எடுக்கணும். பல ஏ.எம்.டி.யில் ‘பி’ கிடையாது, நிறுத்தினா ஹேண்ட் பிரேக் கட்டாயம். இரண்டு மிதிக்கும் வலது கால்தான். பழக்கத்தில் இடது கால் கிளச்சைத் தேடி பிரேக்கை அழுத்திடும், அதை ஓரமா வச்சுக்கணும்.

‘ஆட்டோமேட்டிக் ஓட்டுறது ஓட்டுறதா?’ன்னு கொழுந்தனார் கேலி பண்ணினார். பண்ணட்டும். அதே சிக்னலில் இப்ப வண்டி நிக்கிறதில்லை. திரும்பி வரும்போது அத்தை பின்சீட்டில் நிம்மதியா தூங்கிடுறாங்க. எனக்கு அது போதும்.