சமரசம் செய்தால் மட்டும் போதுமா?

(வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

கும்பகோணத்தில் கூட்டு வியாபாரம் முறிகிறது. பாபநாசத்தில் நெல் வியாபாரிக்கு ஆலைக்காரர் பாக்கி. அய்யம்பேட்டையில் அத்தா மவுத்தாகி, கடையைப் பங்கிட முடியாமல் பிள்ளைகள் நிற்கிறார்கள். உடனே கோர்ட்டுக்கு ஓட வேண்டுமா? நம் காவிரி வழக்கையே பாருங்கள். 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-ல் இறுதித் தீர்ப்பு. அதன் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2018-ல்! அரசாங்கங்கள் காத்திருக்கும். உங்கள் கல்லாப்பெட்டி காத்திருக்குமா?

"ஜமாஅத்தில் பேசி முடிக்கிறோமே" என்பீர்கள். நல்ல காரியம்தான். சுல்ஹு நமக்குப் புதிதல்ல. ஆனால் ஜமாஅத் எழுதும் முடிவு கோர்ட் தீர்ப்பாகாது. ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை இல்லை என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளிவாசலில் நீதிமன்றம் போல் சபை நடத்தக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று கையெழுத்திட்டவர் நாளை மறுத்தால், அந்தக் காகிதத்தை வைத்து நேராக ஜப்திக்குப் போக முடியாது. புதிதாக வழக்குத்தான் போட வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கடன் பாக்கிக்கு வழக்குப் போடச் சட்டம் தரும் கெடு பொதுவாக 3 ஆண்டுகள். நீங்கள் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நிற்காது. கெடு முடியும் முன்பே பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள்!

அப்படியானால் வழி என்ன?

1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995-ல் அமலுக்கு வந்தது. அதன் கீழ் நடப்பதே மக்கள் நீதிமன்றம். வழக்குப் போடும் முன்பே அங்கே போகலாம். கட்டணம் இல்லை. இரு தரப்பும் சம்மதித்தால், அந்த முடிவு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம். ஜமாஅத்தில் பேசி முடித்ததை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ வட்டக் குழுவிடமோ மனுவாகக் கொடுத்து அங்கே பதிவு செய்யுங்கள்!

வழக்கு ஏற்கெனவே நடக்கிறதா? சிவில் நடைமுறைச் சட்டம் 89-வது பிரிவின்படி சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லி நீதிபதியிடம் கேளுங்கள். இந்த முறைக்கு முன்னோடியாக 2005-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் மையம் திறந்தார்கள். சமரசர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். பேச வைப்பார். அங்கே பேசியது வெளியே வராது. ஒத்துவராவிட்டால் வழக்கு பழைய இடத்திலிருந்து தொடரும். முடிந்துவிட்டால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்தாலும் கட்டணம் திரும்ப உண்டு என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கிலேயே சொன்னது.

வியாபாரிகளே! 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறில், அவசரத் தடையுத்தரவு தேவைப்பட்டாலொழிய, சமரசத்துக்கு முயலாமல் வழக்கே போட முடியாது. 2022-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாக்கியது.

ஓர் எச்சரிக்கை. மக்கள் நீதிமன்ற முடிவுக்கு அப்பீல் இல்லை. வாசித்துப் புரிந்த பிறகே கையெழுத்திடுங்கள். "சமரசம்" என்று சொல்லி உடன்பிறந்த சகோதரியின் பங்கைக் குறைத்துவிடாதீர்கள்! அவர் இல்லாத சபையில் அவர் பங்கைப் பேச உங்களுக்கு என்ன உரிமை? வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. அதை அவருக்கு எடுத்துச் சொல்வது உங்கள் கடமை.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் இழுபறியாகக் கிடக்கும் தகராறுகளைப் பட்டியல் எடுங்கள். கெடு நெருங்கியதை முதலில் எடுத்துச் செல்லுங்கள். வஸ்ஸலாம்.