போன் தொலைவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஐந்து வேலைகள்



எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் போன் விஷயம் தெரிந்தவர் என்று ஒருவர் இருப்பார். "இது சுத்திக்கிட்டே இருக்கு, கொஞ்சம் பாரேன்" என்று எல்லாரும் அவரிடம்தான் போனை நீட்டுவார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் அப்படிப்பட்டவர்கள்தான். எந்த ஆப் நல்லது என்று கேட்க வந்திருப்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா பஸ்ஸில் போனைத் தொலைத்துவிட்டார். ஐஎம்இஐ எண் கேட்டேன். போன் வந்த டப்பாவை எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டேன். வாங்கின கடையில் ஒரு பையன் போட்டுக் கொடுத்தது, என்னவென்றே தெரியாது. படங்கள் வேறு எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. இறந்துபோன சித்தியின் கடைசி இரண்டு வருடப் படங்கள் அந்தப் போனில் மட்டும்தான் இருந்தன. அவருக்கு எத்தனையோ ஆப் போட்டுக் கொடுத்தவன் நான். இந்த மூன்றையும் கவனிக்கவில்லை.

அதனால் உங்கள் வீட்டுப் போன் ஒவ்வொன்றிலும் இந்த ஐந்து வேலைகளையும் முடித்து வையுங்கள்.

முதலாவது, ஐஎம்இஐ எண். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண்கள் இருக்கும். வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். போனுக்குள்ளேயே சேமித்து வைத்துப் பயனில்லை, பாருங்கள்!

இரண்டாவது, கூகுள் கணக்கு. பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணாக வீட்டில் இன்னொருவர் நம்பரைக் கொடுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கினால் காப்புக் குறியீடுகள் எடுத்துக்கொள்ளலாம். ஓடிபி வரும் சிம்மே தொலைந்த நாளில் அவைதான் கைகொடுக்கும். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரே இடத்தில் வைக்க பிட்வார்டன் இருக்கிறது. இலவசமாகவே பயன்படுத்தலாம். இணையத்தில் வைக்க விருப்பமில்லையா? கீபாஸ்டிஎக்ஸ் போடுங்கள். அது பூட்டிய ஒரே கோப்பாக உங்கள் போனிலேயே வைக்கும். அந்தக் கோப்புக்கு வெளியே ஒரு பிரதி அவசியம். இரண்டிலும் தலைமைப் பாஸ்வேர்டை மறந்தால் திறக்க வழியில்லை.

மூன்றாவது, படங்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. நிறைந்துவிட்டால் புதுப் படம் ஏறாது. பல வீடுகளில் இது தெரியாமலே இருக்கும். இன்னொன்று, போட்டோஸ் ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், இணையத்திலும் போகும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேபிள் போட்டு கணினிக்கோ ஹார்ட் டிஸ்குக்கோ நகல் எடுங்கள். ஒரு பிரதி இணையத்தில், ஒரு பிரதி வீட்டில்.

நான்காவது, சான்றிதழ்கள். டிஜிலாக்கரில் துறைகளே நேரடியாக வழங்கும் ஆவணம் வேறு, நாமே படம் பிடித்து ஏற்றுவது வேறு. முதல் வகை சட்டப்படி அசலுக்குச் சமம். இரண்டாவது வெறும் நகல்தான். உங்கள் ஓட்டுநர் உரிமமும் மதிப்பெண் சான்றிதழும் எந்தப் பகுதியில் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள்.

ஐந்தாவது, ஆப் எங்கிருந்து வருகிறது என்பது. கல்யாணப் பத்திரிகை, வாகன அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு வரும். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரலாம், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். திறக்காதீர்கள். பத்திரிகைக்கு எதற்கு ஆப்? அம்மா அப்பா போனில், தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவும் அனுமதி எதற்காவது கொடுத்திருக்கிறதா என்று அமைப்புகளில் பார்த்து நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

இவ்வளவும் செய்த பிறகும் போன் தொலையலாம். அப்போது முதலில் சிம்மை முடக்கச் சொல்லுங்கள், அடுத்து வங்கிக்குத் தெரிவியுங்கள். பிறகு காவல்துறையில் புகார் கொடுத்து, அதே நம்பரில் புது சிம் வாங்குங்கள். புகார் நகலும் ஐஎம்இஐ எண்ணும் கையில் இருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தப் போனையே முடக்கலாம். போன் திரும்பக் கிடைத்தால் அங்கேயே முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதையும் அதே தளம் காட்டும்.

ஒரு போனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் வயதில் மூத்தவர் போனிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரையே தொட வைத்துச் செய்யுங்கள். பாஸ்வேர்டு அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?